தொள்ளாயிரத்து நாற்பது காகங்கள்

1

இந்தக் கதை அன்னங்களைப் பற்றியதாக இருந்திருக்க வேண்டும்.

கோலாலம்பூரில் மாத இதழ் நடத்தும் நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு வெளிநாட்டுச் செய்தித் துணுக்கைக் கத்தரித்து அஞ்சலில் அனுப்பியிருந்தார். அழகுக்காக எங்கிருந்தோ கொண்டுவந்து குளங்களில் விட்ட அன்னங்கள் பெருகிப்போய், அங்கேயே பிறந்த வாத்துகளை விரட்டுகின்றனவாம். எத்தனை அன்னங்கள் என்று எண்ணிச் சொல்வது அரசாங்க ஆட்கள் இல்லை. தையற்காரர், பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற தபால்காரர் என்று ஊர்மக்களே விடுமுறை நாளில் குளக்கரையில் நின்று எண்ணுகிறார்கள். அதை வைத்துத்தான் எத்தனையைக் குறைப்பது என்று முடிவாகிறது. துணுக்கின் ஓரத்தில் நண்பர் பச்சை மையில் எழுதியிருந்தார்: "இதை வைத்து ஒரு கதை. நம்ம ஈப்போவில் நடக்கிற மாதிரி. ஜனவரி இதழுக்கு."

எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "கைவிடப்பட்ட ஈயக்குட்டையில் அந்த வெள்ளை அன்னம் தலை நிமிர்த்தி —"

(ஈயம் தோண்டிவிட்டுப் போன அந்தக் குட்டைகளில் நான் பார்த்ததெல்லாம் எருமைகளும் தூண்டில் போடுகிறவர்களும்தான். நிறுத்திவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "குனோங் ராபாட்டின் சுண்ணாம்பு மலையடியில், செல்வந்தர் ஒருவரின் தோட்டத்துக் குளத்தில் —"

(எனக்கு எந்தச் செல்வந்தரின் குளமும் தெரியாது.)

மூன்றாவது தொடக்கத்துக்குத் தாளைச் செருகியபோதுதான் நான் எதைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது புரிந்தது. பறவைகளை எண்ணிய இரண்டு பேரை எனக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் எண்ணியது காகங்களை. எண்ணிக் கொடுத்த தாள்களை வாங்கித் தட்டச்சு செய்த கிராணி, அலுவலகக் குமாஸ்தா, நான். ஆறு வருடமாக இதை எழுதாமல் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

அன்னத்துக்குப் பதில் காகம் வருகிறது என்று நண்பருக்கு இன்னும் சொல்லவில்லை. நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் எப்படியோ ஒத்துக்கொண்டார் என்று பொருள்.

2

1983-இல் ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் இளநிலைக் கிராணியாக இருந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. (பயமா என்று கேட்டால், கொஞ்சம்.)

நகரத்தில் காகங்கள் பெருகிவிட்டன என்று புகார்மேல் புகார். சாம்பல் கழுத்துக் காகம். இது இந்த மண்ணுக்குரியதில்லை. எழுபது எண்பது வருடங்களுக்கு முன் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று கப்பலில் கொண்டுவந்து விட்டார்கள் என்று எங்கள் அதிகாரி சொன்னார். அவரை நாங்கள் துவான் என்போம். காப்பித் தோட்டங்கள் போய்விட்டன, காகங்கள் போகவில்லை. மற்றப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன. சாயங்காலமானால் ஆயிரக்கணக்கில் ஒரே மரத்தில் வந்து அடைகின்றன. அவற்றைக் குறைக்க வேண்டும். அதற்குமுன் எண்ண வேண்டும். எண்ணுவதற்கு ஆள் இல்லாததால் ஊர்மக்களிடமே கேட்பது என்று துவான் முடிவு செய்தார்.

மூன்று மொழிகளில் அறிவிப்பு. தமிழ் என் பொறுப்பு. "வந்தேறிப் பறவைகளைக் கணக்கெடுக்கத் தொண்டர்கள் தேவை" என்று எழுதினேன்.*

விதிகள் எளிமையானவை. மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை ஆறேகாலிலிருந்து இருட்டும்வரை எண்ண வேண்டும். ஒரு மரத்தடிக்கு இரண்டு பேர். தனித்தனியாக எண்ணி, தனித்தனிப் போராங்கில் எழுத வேண்டும். (படிவத்துக்கு எங்கள் வாயில் தமிழ் வராது.) இரண்டுக்கும் சராசரி எடுக்கப்படும். வேறுபாடு இருபது விழுக்காட்டைத் தாண்டினால் ஒரு வாரத்துக்குள் மறுபடி எண்ண வேண்டும். இந்தக் கடைசி விதியையும் நான்தான் தட்டச்சு செய்தேன். நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

* அந்தச் சொல்லை எழுதியபோது எனக்கு அது வெறும் மொழிபெயர்ப்பு. அகராதியில் வேறு ஏதாவது கிடைக்குமா என்றுகூடப் பார்க்கவில்லை. புந்தோங்கில் கோயில் பலகையில் அதை ஒருவர் இரண்டு முறை படித்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

3

கத்தரின் தொலைபேசி நிலையத்தில் இணைப்பாளர். முப்பத்தெட்டு வயது. அக்கா டோரிஸோடு குனோங் ராபாட்டில் வரிசை வீடொன்றில் இருந்தார். அப்பா ஒரு தோட்டத்து மருத்துவமனையில் மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராக இருந்தவர்.

கத்தரினைக் கொஞ்சம் கடுமையானவராக எழுதினால் கதைக்கு வசதி. ஒரு பக்கம் பறவை ஆர்வலர், இங்கிலீஷ் படிப்பு, கையில் நோட்டுப் புத்தகம். மறுபக்கம் பாவம் காகங்கள். அப்படி ஒரு பத்தி எழுதியும் வைத்தேன். "கத்தரினுக்குக் காகத்தைப் பிடிக்காது. கறுப்பாக எது பறந்தாலும் அவர் —"

[பொய். எடுத்துவிட்டேன்.]

அவர் வீட்டு வாசலில் உடைந்த அஞ்சல் பெட்டிக்குள் ஒரு முராய் கூடு கட்டியிருந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, காலையில் விசிலடிக்கிற சின்னப் பறவை. மூன்று குஞ்சுகள். ஒரு நாள் வேலைக்குக் கிளம்பி அவர் செருப்பை மாட்டுகிற நேரத்தில் காகம் வந்து மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பெயர் கொடுக்க வந்த அன்று இதைச் சொன்னார். கோபமா அக்கா என்று கேட்டேன்.

"யார் மேல கோவிக்கிறது தம்பி? அதுக்கும் பசிதானே. மொதல்ல எத்தன இருக்குன்னு தெரியட்டும். தெரியாம கோவப்பட்டு என்ன செய்ய?"

4

உடையப்பன் பஸ் கண்டக்டர். நாற்பத்தாறு வயது. புந்தோங்கில் வீடு, மனைவி வீரம்மா. பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்து, 1971-இல் ஈப்போவுக்கு வந்தவர். காகம் எண்ண வரும்போதே சொந்தக் கருவியோடு வந்தார். கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினால் ஓர் எண் கூடும், சட்டைப்பைக்குள் அடங்குகிற இரும்புப் பொருள். பயணிகளை எண்ணுவதற்காக வாங்கியதாம்.

இருவருக்கும் புந்தோங் எல்லையில் பெரிய சாக்கடையோரம் நின்ற மூன்று தூங்குமூஞ்சி மரங்களை ஒதுக்கினேன். சாக்கடைமேல் போட்ட சிமெண்டுப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தால் மேற்கு வானம் முழுதும் தெரியும். கத்தரின் பிஸ்கட் கொண்டுவருவார். உடையப்பன் தெர்மோஸில் தேநீர் கொண்டுவருவார். கத்தரின் பத்துப் பத்தாக எண்ணி விரலை மடக்குவார். உடையப்பன் ஒவ்வொன்றாக அழுத்துவார். எண்ணும்போது பேசக்கூடாது என்பது இருவரும் தாங்களாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. எண்ணி எழுதி மடித்த பிறகுதான் பேச்சு.

"உங்க முராய எண்ண யாராச்சும் போராங் குடுத்தாங்களா மிஸ்?" என்று உடையப்பன் கேலி செய்வார்.

"நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன் அண்ணே. எங்க தெருவுல பதினொண்ணு."

"காக்காவுக்கு மட்டும் கவர்மெண்டு முத்திரை. அதுக்கு வந்த வாழ்வப் பாருங்கலா."

பிப்ரவரியில் கத்தரின் 1,212, உடையப்பன் 1,230. மார்ச்சில் 1,260, 1,251. அக்டோபர்வரை ஒன்பது மாதங்கள். ஒருமுறைகூட வேறுபாடு ஐம்பதைத் தாண்டவில்லை. மற்ற மரத்தடிகளிலிருந்து வந்த தாள்கள் தமாஷாக இருக்கும். ஒருவர் 300 என்பார், பக்கத்தில் இருந்தவர் 2,000 என்பார். இவர்களுடைய தாளைப் பிரிக்கும்போது மட்டும் எனக்கு ஒரு நிம்மதி.

அக்டோபர் கடைசியில் துவானிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ஆண்டு முடிவதற்குள் வேலையைக் காட்டியாக வேண்டுமாம். நவம்பர் பத்தாம் தேதிக்குள் கைக்கு வரும் கணக்கில் ஆயிரத்துக்கு மேல் வரும் மரங்களில் துப்பாக்கிக்காரர்கள் சுடுவார்கள். அதன் நகலை எல்லாத் தொண்டர்களுக்கும் அனுப்பினேன்.

5

நவம்பர் 5. தீபாவளி முடிந்த வாரம். இருவரும் எண்ணினார்கள், எழுதினார்கள். வழக்கம்போலத் தாள்களைப் பார்த்துக்கொண்டார்கள். கத்தரின்: 1,430. உடையப்பன்: 940.

இந்த இடத்தில் உடையப்பனுக்கு ஒரு நீண்ட பேச்சு எழுதியிருந்தேன். அதை அப்படியே தருகிறேன்:

"எங்களயும் இப்படித்தான் மிஸ் கப்பல்ல கொண்டாந்தாங்க. காட்ட அழிக்கச் சொன்னாங்க, பால் வெட்டச் சொன்னாங்க. வேலை முடிஞ்சதும் நீ வெளியாளுன்னாங்க. மொதல்ல எண்ணிக்க வரும், பின்னாலயே கடுதாசி வரும். இந்தக் காக்கா —"

[அடித்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது, மேடையில் பேசினால் கைதட்டுவார்கள். ஆனால் அவர் இதில் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. இது எனக்குத் தோன்றியது, அதுவும் பல வருடம் கழித்து. என் வாயில் வரவேண்டியதை அவர் வாயில் வைப்பது சரியில்லை.]

அவர்கள் பேசியது இவ்வளவுதான். கத்தரின் சொன்னது, உடையப்பனும் பின்னால் ஒருமுறை இதையே சொன்னார்.

"அண்ணே, தொள்ளாயிரத்து நாப்பதா?"

"ஆமா மிஸ்."

"உங்களுக்கு என்னைவிட நல்ல கண்ணு. ஏன் பொய் எழுதினீங்க?"

"பொய் இல்ல மிஸ். தொள்ளாயிரத்து நாப்பது வரைக்கும் எண்ணினேன். அதுக்கு மேல எண்ணல."

"ஏன்?"

"விரல் போவல."

மிச்சமிருந்த தேநீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, தெர்மோஸை மூடினார். "வாரேன் மிஸ்" என்று போய்விட்டார்.

6

மறுநாள் தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து கத்தரின் நேராகப் புந்தோங்குக்குப் போனார். திங்கட்கிழமை தாள்களை ஒப்படைக்க வேண்டும். அதற்குள் அவரைத் திருத்தி எழுத வைத்துவிடலாம் என்பது எண்ணம். உடையப்பன் பஸ்ஸில் இருந்தார். வீரம்மா உட்காரவைத்து, தட்டில் முறுக்கு வைத்தார்.

பின்கட்டில் சுவர்மேல் ஓர் இலைத்துண்டில் சோறு இருந்தது. ஒரு காகம் கொத்திக்கொண்டிருந்தது. இனி பேச வந்ததைப் பேசுவது எப்படி என்று கத்தரினுக்குத் தயக்கமாகிவிட்டது. வீரம்மாவே ஆரம்பித்தார்.

"சுடப்போறாங்களாமே? சுட்டா சுடட்டும்லா. நான் சோறு வைக்கிறது ஒண்ணு ரெண்டுக்கு. ஆயிரத்துக்கா வைக்கிறேன்? போன மாசம் எங்க கோழிக்குஞ்சு நாலத் தூக்கிட்டுப் போச்சு. காயப்போட்ட துணியெல்லாம் எச்சம்."

"அண்ணனுக்கு அப்படித் தோணலயே அக்கா."

வீரம்மா முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு பிச்சைமுத்துவைப் பற்றிச் சொன்னார். உடையப்பனின் அண்ணன். ஒரே வீட்டில், ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள். குடியுரிமைத் தாள் நிரப்புகிற காலத்தில் உடையப்பனுக்குத் தோட்டத்துப் பள்ளி வாத்தியார் நிரப்பிக் கொடுத்தார். அவருக்கு நீல ஐசி, குடிமக்களுக்கான அடையாள அட்டை, கிடைத்தது. அண்ணன் அன்றைக்குப் பால் வெட்டப் போயிருந்தார். அவருக்குக் குடியுரிமை இல்லாதவர்களின் சிவப்பு அட்டைதான். 1970-இல் ஒரு காலை, ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பெரட்டில், சிவப்பு அட்டைக்காரர்கள் தனியாக நில்லுங்கள் என்று சொல்லித் தோட்டத்துக் கிராணி எண்ணினார். முப்பத்தேழு பேர். அந்த வருடம் முடிவதற்குள் வேலை செய்ய அனுமதி இல்லாமல் பிச்சைமுத்து பினாங்கில் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்.

"அங்க யாரத் தெரியும் அவருக்கு? பொறந்தது பீடோர்ல. ரெண்டு கடுதாசி வந்துச்சு. அப்புறம் வரல."

"அப்படி இருந்தும் ஏன் அக்கா இந்த வேலைக்குப் பேர் கொடுத்தார்?"

"அதத்தான் நானும் கேட்டேன். 'யாரோ எண்ணப்போறாங்க, நாம எண்ணினா சரியா எண்ணுவோம்'னாரு."

கத்தரின் உடையப்பனுக்காகக் காத்திருக்கவில்லை. முறுக்கைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டார்.

7

திங்கட்கிழமை மாலை நாலேகாலுக்குக் கத்தரின் இரண்டு தாளையும் என் மேசையில் வைத்தார்.

"ரெண்டும் உண்மை தம்பி. ஒண்ணு முழுசா எண்ணினது. இன்னொண்ணு பாதியில நின்னது. நீங்க எப்படி எடுத்துக்குவீங்க?"

"சராசரிதான் அக்கா."

குறிப்பு எழுதும் இடம் இரண்டிலும் காலியாக இருந்தது. உடையப்பன் பாதியில் நிறுத்தினார் என்று அவர் அதில் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. இருபது விழுக்காட்டு விதியை நான் நினைத்துப் பார்த்திருக்கலாம். நானூற்றுத் தொண்ணூறு வேறுபாடு. கண்ணை மூடிக்கொண்டு மறுகணக்குக்கு அனுப்பலாம். ஒரு வாரம் கிடைத்திருக்கும். துவானின் கெடு தாண்டியிருக்கும்.

இங்கே எனக்கு ஒரு காரணம் வேண்டும். உடல்நிலை சரியில்லை என்று எழுதிப் பார்த்தேன். மேலதிகாரி அவசரப்படுத்தினார் என்று எழுதிப் பார்த்தேன். உண்மை: நாலரைக்கு என் பஸ். கூட்டி, இரண்டால் வகுத்து, 1,185 என்று தட்டிவிட்டு, மேசை விளக்கை அணைத்துவிட்டு ஓடினேன்.

8

நவம்பர் 27, ஞாயிற்றுக்கிழமை. சூரியன் எழும்போதே சாலையின் இரண்டு முனையிலும் பீப்பாய்களை வைத்து மறித்தாயிற்று. நான்கு துப்பாக்கிக்காரர்கள். சாக்குகளோடும் பதிவேட்டோடும் நான்.

முதல் வெடிக்கு மரம் முழுதும் கறுப்பாக எழும்பியது. பறந்து தப்பித்துவிடும் என்றுதான் நினைத்தேன். தப்பிக்கவில்லை. விழுந்தவற்றின் மேலேயே சுற்றிச் சுற்றிக் கத்தின. அதனால் இரண்டாவது சுற்று சுலபமாகிவிட்டது.

கத்தரின் பூசைக்குப் போகிற நீலப் புடவையில் வந்து நின்றார்.

"உயிரோட எண்ணினது நான்தானே தம்பி. செத்ததையும் நானே எண்ணுறேன்."

சாக்கில் போடுவதற்குமுன் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தார். நூற்று எழுபத்தேழு. அவற்றில் நான்கைத் தனியாக எடுத்துப் புல்லில் வைத்தார். கறுப்புதான், ஆனால் கழுத்தில் சாம்பல் இல்லை, அலகு பச்சை, கண் சிவப்பு.

"இது காக்கா இல்ல. ஆண் குயில்."

துப்பாக்கிக்காரர்களில் ஒருவர் ஆம்புரோஸ், தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். கொஞ்சம் வெட்கத்தோடு சிரித்தார். "கறுப்பா இருந்துச்சு, சுட்டேன். பக்கத்துல போயி ஐசி காட்டுன்னு கேக்க முடியுமாலா?"

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பியபோது பீப்பாய்க்கு அந்தப் பக்கம் உடையப்பனைப் பார்த்தேன். அன்றைய முதல் பஸ் அங்கே நிறுத்தப்பட்டிருந்தது. தோளில் டிக்கெட் பையோடு இறங்கி நின்றுகொண்டிருந்தார். பயணிகள் ஜன்னல் வழியாக, எப்போது விடுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த நான்கு குயில்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பஸ்ஸில் ஏறி மணியை அடித்தார்; பஸ் பின்னால் திரும்பி வேறு வழியாகப் போயிற்று.

9

டிசம்பர் 3. சுட்ட பிறகு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கும் கணக்கு. ஆயிரத்துக்கு மேலேயே இருந்தால் மறுபடி சுடுவதாக ஏற்பாடு. அன்று நானும் போனேன். பத்து மாதமாக அவர்களுடைய தாளை வாங்குகிறேனே தவிர, ஒரு மாலைகூட அந்தப் பாலக்கட்டையில் உட்கார்ந்ததில்லை.

வானம் வெளுப்பாக இருந்தது. மேகம்கூட இல்லை. கத்தரின் கட்டையின் ஒரு முனையில், உடையப்பன் மறுமுனையில். பிஸ்கட் இல்லை, தேநீர் இல்லை.

ஆறரைக்கு மேற்கிலிருந்து வர ஆரம்பித்தன. நாலைந்தாக, பிறகு நீள வரிசையாக. சந்தைப் பக்கத்துக் குப்பைமேட்டிலிருந்து, தெற்கே வேறு மரங்களிலிருந்து. காலியான கிளைகளில் புதியவை வந்து உட்கார்ந்தன. அடங்குவதற்குமுன் இடத்துக்காக ஒரே சண்டை. உடையப்பனின் கையிலிருந்து சத்தம் நிற்காமல் வந்தது. டிக், டிக், டிக். தொள்ளாயிரத்து நாற்பதை எப்போது தாண்டினார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் நிற்கவில்லை. கத்தரினின் மடியிலும் விரல்கள் மடங்கி விரிந்துகொண்டிருந்தன.

வானம் மங்கியதும் உடையப்பன் எழுதிக் கொடுத்தார்: 1,402. ஒரு வாரத்துக்குமுன் நூற்று எழுபத்து மூன்று காகங்கள் செத்த இடத்தில்.

"இந்தத் தடவ முழுசா எண்ணிட்டேன் மிஸ்."

"ஏன் அண்ணே?"

"நான் எண்ணாட்டியும் சுட்டாங்க. நான் நிறுத்தினதால ஒண்ணும் நிக்கல. இருக்கிறது இருக்குன்னாவது எழுதுவோமே." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "அண்ணன் கப்பலேறின வருசம் தோட்டத்து ஆபீசுல அந்த முப்பத்தேழு பேரோட பேரக் கேட்டேன். யாரும் எழுதி வைக்கல. நம்பர் மட்டுந்தான் இருந்துச்சு."

கத்தரின் என்னிடம் தன் தாளைக் கொடுத்தார். தேதியும் இடமும் எழுதியிருந்தார். எண்ணிக்கைக் கட்டம் காலி.

"நான் எண்ணல தம்பி."

விரல்களைப் பார்த்தேன் என்று நான் சொல்லவில்லை.

10

திங்கட்கிழமை காலை நான் ஒரு காரியம் செய்தேன். யாரும் சொல்லவில்லை. புதுப் போராங் ஒன்றை எடுத்து, எண்ணிக்கைக் கட்டத்தில் கோடு போட்டு, குறிப்பில் தட்டினேன்: "கடும் மழை. கணக்கெடுப்பு நடைபெறவில்லை." மழைக்காலம்; யாரும் கேட்க மாட்டார்கள். எண்ணிக்கை இல்லையென்றால் துப்பாக்கி இல்லை. இருவரில் முதலில் பெயர் கொடுத்த தொண்டர், அதாவது கத்தரின், கையெழுத்துப் போட்டால் போதும். கத்தரினுக்குத் தொலைபேசி செய்து வரச் சொன்னேன்.

மதியம் வந்தார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"அன்னைக்கு மழை பெய்யலயே தம்பி."

"தெரியும் அக்கா."

"அண்ணன் எழுதிக் கொடுத்தது எங்க?"

இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றில் உடையப்பனின் கையெழுத்தில் 1,402. நான்கு இலக்கங்களையும் அழுத்தி எழுதியிருந்தார், தாளின் பின்புறம் தடவினால் தெரியும். மற்றதில் என் மழை.

"இதுல கையெழுத்துப் போட்டா அவர் எண்ணினது எங்க போவும்?"

இழுப்பறையைத் தள்ளி மூடினேன்.

"போடலன்னா?"

சுவரில் துப்பாக்கிக்காரர்களின் அடுத்த முறைப்பட்டியல் தொங்கிக்கொண்டிருந்தது. அவரே பார்த்தார்.

"ஒரு உறை குடுங்க" என்றார். கொடுத்தேன். "பேனா." கொடுத்தேன். அப்போது தொலைபேசி அடித்தது. எழுந்து போய் எடுத்தேன். யாரோ தவறான எண்ணைச் சுழற்றியிருந்தார்கள். (ரிசீவரை வேண்டுமென்றே கொஞ்சநேரம் காதில் வைத்திருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.) முதுகுக்குப் பின்னால் பேனா காகிதத்தில் ஓடுகிற ஓசை கேட்டது, பிறகு கைப்பை திறந்து மூடுகிற ஓசை. திரும்பியபோது இரண்டு தாளும் மேசையில் இல்லை, ஒட்டிய உறை மட்டும் இருந்தது. அதன்மேல் துவானின் பெயர்.

"வாரேன் தம்பி" என்றார்.

11

முடிவு அ: உறைக்குள் மழை. வாழ்நாளில் ஒரு தப்பான எண்கூட எழுதாதவர் அன்று கையெழுத்துப் போட்டார். உடையப்பனின் 1,402 கைப்பையில் போய்விட்டது.

முடிவு ஆ: உறைக்குள் 1,402. அதன்கீழ் தன் கையெழுத்தையும் போட்டு, இருவர் பெயரிலும் அனுப்பிவிட்டார். சுட்டால் மறுபடியும் புடவை கட்டி வந்து எண்ணுவது என்று தீர்மானித்துவிட்டார்.

முடிவு இ: இரண்டையும் உள்ளே வைத்து, மூன்றாவதாக ஒரு கடிதம் —

[எனக்குப் பிடித்தது இதுதான். அதனாலேயே நம்பவில்லை.]

நடந்ததை வைத்துக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. அதே வாரம் துவானுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அவர் உறையைப் பிரிக்கவில்லை. புதிதாக வந்தவருக்குக் கொசு ஒழிப்புத்தான் முக்கியம். காகத் திட்டத்தின் கோப்பைக் கட்டி அலமாரியில் வைக்கச் சொன்னார், வைத்தேன். அங்கே மறுபடி யாரும் சுடவில்லை. சாக்கடையை அகலப்படுத்த 1986-இல் மூன்று மரங்களையும் வெட்டினார்கள். காகங்கள் சந்தைக்குப் பின்னால் போனதாகக் கேள்வி. யாரும் எண்ணவில்லை.

நான் பீடோருக்கு மாற்றலாகி வரும்வரை, இரண்டரை வருடம், அந்த அலமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது. பிரிக்கவில்லை. ஒரு தடவை உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துவிட்டு உடனே கீழே வைத்துவிட்டேன். மழையாக இருந்தால் கத்தரினைப் பொய் சொல்ல வைத்தவன் நான். எண்ணிக்கையாக இருந்தால், நான் நீட்டிய பொய்யை அவர் தொடக்கூட இல்லை என்று பொருள். இரண்டில் எதைத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் குறைவு என்பதுகூட இன்னும் பிடிபடவில்லை.

1985-இல் ஒரு நாள் உடையப்பனின் பஸ்ஸில் ஏறினேன். கத்தரின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். உடையப்பன் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல, அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். டிசம்பர் 5-ஆம் தேதி என் மேசையில் நடந்ததைக் கத்தரின் உடையப்பனிடம் சொல்லியிருந்தாரா என்பது தெரியாது. உடையப்பன் என்னிடம் வந்து, "எங்க தம்பி?" என்றார். கேட்க வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. "சந்தை" என்றேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

உறை இன்னும் அங்கே இருக்கலாம். சாம்பல் நிறக் கோப்பு, மேலிருந்து மூன்றாவது தட்டு. இந்தக் கதைக்கு முடிவு வேண்டும் என்கிறவர் போய்ப் பிரித்துக்கொள்ளுங்கள். உள்ளே மழை இருந்தால், அதை உடையப்பனிடம் நீங்கள்தான் போய்ச் சொல்ல வேண்டும், என்னால் ஆகாது. எண்ணிக்கை இருந்தால் கத்தரினிடம் எதுவும் கேட்காதீர்கள்.